முதல் வரியில் இருந்தவர்

எங்கள் ஆபீஸில் எது கெட்டுப்போனாலும் பழி சிஸ்டத்தின் மேல்தான் விழும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் சிஸ்டம். கேமராவுக்குள் சிலந்தி குடும்பம் நடத்தினால் சிஸ்டம். டிரைவருடைய போனில் அவர் பிள்ளைகள் கேமாக இறக்கித் தள்ளி இடமில்லாமல் போனால் அதுவும் சிஸ்டம். சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். நான்தான் சிஸ்டம். "சிஸ்டம் டீ குடிக்கப் போய்க்கீது" என்று வாசலில் வாட்ச்மேன் சொல்வது என்னைப் பற்றித்தான்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கான்ட்ராக்ட் பஸ் ஆபீஸ் எங்களுடையது. முதலாளி ஒரே ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய பஸ் ஒன்று யாருக்காவது வழியை மறித்துக்கொண்டு நிற்கும். நல்ல மனுஷன், கத்துவார், அவ்வளவுதான். சாமி விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். டீசல் சீட்டானாலும் டயர் பில்லானாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் ஓர் எழுத்து எழுதமாட்டார். ஒரு டிரைவரை வேலையை விட்டு நிறுத்திய கடிதத்தின் தலையிலும் பெரிதாக ‘உ’ போடச் சொன்னார். அதை டைப் அடித்தவனே நான்தான்.

எங்கள் டிரைவர்கள் ஒரு ரூட்டில் நிலையாக இருக்கமாட்டார்கள். இன்று பிள்ளைப்பாக்கம் ரூட்டில் ஓட்டுகிறவர் நாளைக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போவார். மறுநாள் வேறு எங்கோ கூடக் கொடுக்கிறார்கள் என்று ஒரேயடியாகப் போய்விடுவார். அதனால் எந்த ஸ்டாப்பில் யார் ஏறவேண்டும் என்பதை ஒரு வெப் பேஜில் வைத்திருந்தோம். டிரைவர் தன் போனில் ரூட் நம்பரைத் தட்டினால் போதும். பின்னாலிருக்கும் ஸ்கிரிப்ட் டேட்டாபேஸுக்குப் போய், அந்த ரூட்டின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து, ஸ்டாப் வாரியாகப் பெயர்களைக் காட்டும். எனக்கு முன்னால் இருந்த நாகர்கோவில்காரர் எழுதிய ஸ்கிரிப்ட் அது. அவர் பெங்களூருக்குக் கிளம்பும்போது, "ஓடுத வரைக்கும் கை வச்சிராத மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நானும் கை வைக்கவில்லை.

பிள்ளைப்பாக்கம் ரூட்டின் முதல் ஸ்டாப் எங்கள் தெருமுனை. அந்த ஸ்டாப்பில் ஏறும் ஒரே ஆள் என் மனைவி. கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித்தரும் ஒரு கம்பெனியில் அவள் டிரெய்னி. டிரெய்னிங்கின் கடைசி மாதம் அது. அந்த மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் பர்மனென்ட் கிடையாது, இன்னொரு வருஷம் டிரெய்னியாகவே ஓட்டவேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். அந்த பர்மனென்ட்டுக்காக அவள் காய்ச்சலோடும் போயிருக்கிறாள், தங்கச்சி வளைகாப்பன்றைக்கும் போயிருக்கிறாள். சாதாரண நாளில் என்னை "ஏங்க" என்பாள். கோபம் வந்தால் "யோவ்".

ஒரு சனிக்கிழமை, நாங்கள் பஸ் ஓட்டும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆடிட் செய்ய இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் டேட்டாபேஸைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். பெயர் இல்லாத, போன் நம்பர் இல்லாத காலி வரிகள் நிறைய இருக்கின்றன, டேட்டா சுத்தமாக இருக்கவேண்டாமா என்று கேட்டு, அவர்களே உட்கார்ந்து அவற்றையெல்லாம் ஒழித்துக்கட்டினார்கள். பிறகு காபியும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். காலி வரி போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் "யோவ்" என்ற சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

"யோவ், எய்ந்திரு. பஸ்ஸே வர்ல. இருட்டுல எவ்ளோ நேரந்தான் நிக்கறது?"

என் பைக் அந்த வாரம் முழுக்க மெக்கானிக் ஷெட்டில் வயிற்றைப் பிரித்துப் போட்டுக் கிடந்தது. விடியற்காலையில் எங்கள் பக்கம் ஷேர் ஆட்டோவும் வராது. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிக் கெஞ்சி, அவருடைய வண்டியில் கொண்டுபோய் விடுவதற்குள் முதல் லேட் விழுந்துவிட்டது. கேட்டுக்குள் போகும்போது அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபீஸுக்கு வந்ததும் அந்த ரூட் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். லிஸ்டில் எங்கள் தெருமுனை இல்லை. இரண்டாவது ஸ்டாப்பான தண்ணீர் டேங்க்கிலிருந்துதான் ஆரம்பித்தது. "லிஸ்ட்ல இல்லாத ஆளுக்கு நான் எங்க சார் போய் ஆரன் அடிக்கறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

டேட்டாபேஸை நேராகத் திறந்து பார்த்தேன். அங்கே அவள் இருந்தாள். பெயர், ஸ்டாப், போன் நம்பர் எல்லாம் கச்சிதம். பேஜைத் திறந்தால் இல்லை. மறுபடி டேட்டாபேஸ், இருக்கிறாள். மறுபடி பேஜ், இல்லை. சர்வரை நிறுத்திப் போட்டேன். போன்களில் பழைய பக்கங்களையெல்லாம் அழித்தேன். கேபிளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் முதலாளி பார்ப்பார்.

முதலாளி பார்த்தார். "இன்னாபா ஆச்சு?"

"டேட்டா இருக்குண்ணா. ஆனா தெரியல."

"கீதுன்ற, தெரியலன்ற. அப்போ கண் திருஷ்டிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆடிட்டுக்கு வந்தவர்கள் நம் பஸ்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைத் தன் காதால் கேட்டாராம். அரை மணி நேரத்தில் சர்வர் கம்ப்யூட்டரின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. அதன் பின்பக்க விசிறி விடும் சூட்டில் மிளகாய் வாட ஆரம்பித்து, என் மேஜை வரைக்கும் நெடி வந்தது. நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே தப்பைத் தேடினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், வேறு சில ஊர்களிலிருந்தும் பஸ் வரவில்லை என்று புகார் வந்தது, ஆனால் எல்லா ரூட்டிலிருந்தும் வரவில்லை. ரொம்ப நாளாக ஒரே ரூட்டில் ஓட்டும் டிரைவர்கள் பேஜைப் பார்ப்பதே இல்லை, பழக்கத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். புது டிரைவர்கள் ஓட்டும் ரூட்டில்தான் சண்டை. இது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த ஊரில் தப்பு இருக்கிறது, அந்த ஊரில் இல்லை என்று பிய்த்துக்கொண்டேன். முடியைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே டிரைவரிடம், நாளைக்கு எங்கள் ஸ்டாப்பில் நிறுத்துங்கள் என்று வாயால் சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டினார். மறுநாள் அவர் வரவில்லை, வேறு டிரைவர் வந்தார். அவர் லிஸ்டைப் பார்த்து ஓட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார். இரண்டாவது லேட்.

அன்று சாயங்காலம் அவளிடம் கொஞ்சம் வீறாப்பாகவே பேசிவிட்டேன். பஸ் வராது என்று தெரிந்ததும் மெயின் ரோட்டுக்கு ஓடி வேறு கம்பெனி பஸ்ஸைக் கை காட்டியிருக்கலாமே, அப்படித்தானே எல்லாரும் செய்கிறார்கள் என்றேன்.

"ஓடத் தெரியாமலா நின்னேன்? நீ போட்ட லிஸ்ட்டாச்சே, அப்டி வுட்டுட்டுப் போவாது, லேட்டாவாச்சும் வரும்னு நின்னுக்கினு இருந்தேன்" என்றாள்.

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நல்லவேளை, வெங்காயம் இருந்தது.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. அவளுடைய வரியில்தான் ஏதோ கண்ணுக்குத் தெரியாத கோளாறு இருக்கிறது என்று முடிவுகட்டி, வீட்டிலிருந்தபடியே அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். புதிதாக எழுதும்போது இடமும் மாற்றிப் பார்ப்போமே என்று தண்ணீர் டேங்க்கை மேலே போட்டு, அவளைக் கீழே இரண்டாவதாக வைத்தேன். பேஜைத் திறந்தேன். அவள் இருந்தாள்! மேலே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கிற நிதானமெல்லாம் எனக்கு அப்போது இல்லை. போனைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். கடைக்கு ஓடி சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் வாங்கி வந்தேன். "யோவ், எலும்ப பாத்து துன்னு" என்றாள். கோபம் பாதி இறங்கியிருந்தது.

மறுநாள் பஸ் தெருமுனைக்கு வந்தது, அவள் ஏறிப்போனாள். நான் ஆபீஸில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளியும் எலுமிச்சம்பழத்தைத் தடவிக்கொடுத்தார். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் திரும்பிய நேரத்தில் ஒருவர் விடுவிடுவென்று உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு என் மனைவி வந்தாள். வந்தவர் அவளுடைய லைன் சூப்பர்வைசர். தண்ணீர் டேங்க் ஸ்டாப்பில் ஏறுகிறவர்.

"இங்க சிஸ்டம் யாரு?"

எழுந்து நின்றேன்.

"இத்தினி வருஷத்துல நான் ஒரு நாள் லேட்டா போனது இல்ல சார். வருஷா வருஷம் அட்டெண்டன்ஸ் அவார்டு எனக்குத்தான். இன்னிக்கு பஸ்ஸு என் மூக்குக்கு முன்னால நிக்காம போச்சு. நிறுத்து நிறுத்துன்னு ரெண்டு கையும் ஆட்டறேன். உங்க வூட்டம்மா ஜன்னல்லேர்ந்து டாட்டா காட்டுது!"

"சார் லீவுன்னு நெனச்சேன்" என்றாள் என் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"யூனிபார்ம் போட்டுக்கினு யாராவது லீவு போடுவாங்களாமா?" என்று அவளைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், சனிக்கிழமை இவங்க கன்ஃபர்மேஷன் ஃபார்ம்ல நான்தான் கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போட நான் கம்பெனிக்குப் போவணும். போவணும்னா பஸ்ஸு நிக்கணும். எனக்கும் நிக்கணும், இவங்களுக்கும் நிக்கணும். நாளிக்கு இவங்களுக்கு லேட்டு வுழுந்தா நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. என் மனைவி முதலில் இருந்தபோது அவளைக் காணவில்லை. இவரை முதலில் வைத்தேன், இவரைக் காணவில்லை. அப்படியானால் ஆளிடம் கோளாறு இல்லை. எந்த ரூட்டானாலும் முதலில் யார் இருக்கிறாரோ அவர் மறைந்துபோகிறார். மற்ற ரூட்களையும் அங்கேயே தட்டிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் முதல் ஸ்டாப்பைக் காணோம்.

இரண்டு பேரையும் உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு, நாகர்கோவில்காரர் பேச்சை மீறி ஸ்கிரிப்டைத் திறந்தேன். டேட்டாபேஸிடம் வரி கேட்பது கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவது மாதிரிதான். கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாக வரும், வந்துபோன வரி திரும்ப வராது. இந்த ஸ்கிரிப்டில் பெயர்களைக் காட்டத் தொடங்குவதற்கு முன்னாலேயே, தனியாக ஒரு தடவை ‘அடுத்த வரி கொடு’ என்று கேட்டிருந்தது. வந்த வரியை எங்கேயும் காட்டவில்லை, எதற்கும் பயன்படுத்தவில்லை. சும்மா வாங்கிக் கீழே போட்டிருந்தது. முதல் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டு டாக்டர் எழுந்து கைகழுவப் போனால் அந்த நோயாளியின் கதி என்ன? என் மனைவியின் கதி அதுதான்.

யாராவது வேலைமெனக்கெட்டு இப்படி எழுதுவார்களா? பெங்களூருக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டேன். அது என் புத்திசாலித்தனம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "டேபிள்ல ஏதும் வரிய எடுத்தியளா?" என்பதுதான்.

"ஆடிட்காரங்க காலி வரிய மட்டும் எடுத்தாங்க."

"எய்யா, அது காலி வரி இல்ல மக்கா. அது பிள்ளையார்லா!"

அவர் விலாவாரியாகச் சொன்னார். டேபிள் போட்ட அன்று முதலாளி அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றாராம். எடுத்த எடுப்பில் ஆள் பெயரை எழுதப் போனவரின் கையைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு ரூட்டுக்கும் முதல் வரியில் பிள்ளையார் சுழி போடச் சொன்னாராம். பெயர் கிடையாது, போன் கிடையாது, வெறும் ‘உ’. அப்புறம் டிரைவர்கள் லிஸ்டில் முதலில் வரும் இந்த ‘உ’ எந்த ஆள் என்று போன் போட்டுப் பிடுங்க ஆரம்பித்திருக்கிறார்கள். முதலாளியிடம் சொன்னால் கத்துவார். அதனால் முதல் வரியைக் கேட்டு வாங்கி, காட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து காட்டும்படி ஸ்கிரிப்டை மாற்றிவிட்டார். "பிள்ளையார எடுத்து ஓரமா வச்சிட்டுத்தான் ஆளுவள காட்டும். இப்ப அவரே இல்லைன்னா, கையில ஆப்புட்ட மொத ஆள எடுத்து ஓரமா வச்சிரும்லா" என்றார்.

முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எந்த ரூட்லபா எடுத்தானுங்க?"

"எல்லா ரூட்லயும்ணா."

"அப்போ மூணு நாளா என் பஸ்ஸுங்க எல்லாம் புள்ளையாரு இல்லாமயா ஓடிக்கினு கீது?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி பர்மனென்ட் போகிற நிலையில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு இது கவலை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டு வாங்கிக் கீழே போடும் அந்தக் கட்டளையை ஸ்கிரிப்டிலிருந்து தூக்கினேன். மாற்றிவைத்த வரிசையையும் சரிசெய்தேன். எங்கள் தெருமுனை, தண்ணீர் டேங்க் என்று எல்லாம் முறையாக வந்தது. சூப்பர்வைசர் தன் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

"நாளிக்கு நீயும் வந்து என்கூட நில்லு" என்றாள் மனைவி. அவள் கேட்காவிட்டாலும் போயிருப்பேன்.

விடியற்காலையில் இரண்டு பேரும் தெருமுனையில் நின்றோம். பஸ் வருகிற நேரம் வந்தது. பால் வண்டி போயிற்று, இன்னொரு கம்பெனியின் பஸ் போயிற்று, எங்கள் பஸ் வரவில்லை. தண்ணீர் டேங்க்கிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டுப் பையின் வாரை முறுக்கிக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேஜைத் திறந்தேன். பிள்ளைப்பாக்கம் ரூட். முதல் வரியில் ‘உ’. அதற்குக் கீழேதான் என் மனைவி.

நான் வீட்டுக்குக் கிளம்பியதும் முதலாளி கைகால் கழுவி, அக்கவுண்ட்ஸ் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லா ரூட்டிலும் பிள்ளையாரை மறுபடி குடியேற்றியிருக்கிறார். ஸ்கிரிப்டில் பிள்ளையாரை ஓரமாக வைக்கும் கட்டளையை நான் தூக்கிவிட்டதால், அவர் இப்போது பகிரங்கமாக முதல் பயணியாகிவிட்டார்.

அப்போது தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஆரன் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, யாரையோ கூப்பிடுவது மாதிரி. அங்கே இருப்பது ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில். பையை நான் பிடுங்கிக்கொண்டேன், இரண்டு பேரும் ஓடினோம்.

பூட்டிய கோயிலுக்கு முன்னால் பஸ் நின்றுகொண்டிருந்தது. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டினார். "சார், லிஸ்ட்ல மொத ஆளு இன்னும் வர்ல. பேரு போடல, சுழி மட்டுந்தான் கீது. சரி, கோயில்காரரா இருக்கும்னு இங்க வந்து நிக்கறேன். பூசாரி சாமிக்கு எந்த கம்பெனி சார்?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் தேடுவதற்குள் என் மனைவி ஏறிவிட்டாள். "அவரு வரமாட்டாரு. நீ வண்டிய எடு!"

அவள் குரலில் இருந்த வேகத்தில் டிரைவர் அவசரமாகக் கோயில் பக்கம் திரும்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு கியரைப் போட்டார். பஸ் தண்ணீர் டேங்க்கில் சூப்பர்வைசரை அள்ளிக்கொண்டு பறந்தது. கேட்டை மூடக் கை வைத்த செக்யூரிட்டியைத் தாண்டி இரண்டு பேரும் உள்ளே ஓடியதாகப் பிறகு சொன்னாள். லேட் விழவில்லை. மற்ற ரூட் டிரைவர்களிடமிருந்து காலை முழுக்க எனக்குப் போன் வந்துகொண்டிருந்தது. ஒருவர் அந்த முதல் ஆளின் நம்பரைக் கேட்டார். இன்னொருவர் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம், அதற்கு ஆபீஸில் காசு கொடுப்பார்களா என்று கேட்டார்.

அன்றைக்கே ஸ்கிரிப்டை ஒழுங்காக எழுதினேன். முதல் வரியில் ‘உ’ இருந்தால் மட்டும் ஓரமாக வை, வேறு யார் இருந்தாலும் காட்டு. நாளைக்கு எனக்குப் பின்னால் வருகிறவன் குழம்பக் கூடாதே என்று அதற்கு மேல் ஒரு குறிப்பும் போட்டேன்: ‘இது காலி வரி அல்ல. பார்க்காமல் கை வைத்தால் ஒருத்தி இருட்டில் ரோட்டில் நிற்பாள்.’

சனிக்கிழமை சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். பர்மனென்ட் கடிதத்தோடு அவள் நேராக ஆபீஸுக்கே வந்தாள். முதலாளி அதை வாங்கி, தலையில் சுழி இல்லையே என்று பார்த்து, பேனாவைத் திறந்தார், கெஞ்சித் தடுத்தோம். அவள் என் மேஜைக்கு வந்து ஸ்கிரீனில் இருந்த அந்தக் குறிப்பை உதடு அசைய மெதுவாகப் படித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக "ஏங்க" என்றாள்.

"ஏங்க, நிப்பாள்னா போட்டுக்கீறீங்க? நின்னாள்னு போடுங்க."

மாற்றி எழுதினேன்.